விஸ்கி பீப்பாயில் ஊறிய கருப்பு பீர்: எது மரம், எது விஸ்கி, எது பீர்?

நுரைத்தடம் (கேள்வி)

வணக்கம். ஸ்டவுட், போர்ட்டர் என்ற கருப்பு பீர் வகைகள் எனக்கு நல்ல பழக்கம். விஸ்கி பீப்பாயில் ஊறவைத்த இம்பீரியல் ஸ்டவுட்டை (ஆல்கஹால் கூடிய, கனமான ஸ்டவுட்) நேற்று இரவுதான் முதல்தடவையாகக் குடித்தேன். குடிக்கும்போதே எழுதி வைத்ததை இங்கே போடுகிறேன். விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

லேபிளில் ஆல்கஹால் 11.5 சதவீதம் என்று போட்டிருந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினேன். பழுப்பு நுரை மெலிதாக எழும்பிச் சீக்கிரமே அடங்கிவிட்டது. மணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. வாயில் வைத்தால் கருகிய காப்பிக் கசப்பு, அதைத் தொடர்ந்து தொண்டையில் ஒரு சூடு. கிளாஸை அப்படியே மேசையில் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனேன். முக்கால் மணி நேரம் கழித்து வந்து எடுத்தால் அது வேறொரு பீர்! மூக்கைக் கிட்டே கொண்டுபோகும்போதே வனிலா. அதன் பின்னால் தேங்காய். மறுபடி மறுபடி மோந்து பார்த்தேன், தேங்காய்தான். கறுப்பு உலர்திராட்சை இருந்தது, நனைந்த மரப்பலகையின் வாசம் இருந்தது. விழுங்கியதும் ஈறு லேசாக இறுகியது. கடைசியாக ஒரு மெல்லிய புளிப்பு வந்து போனது.

என் சந்தேகங்கள் இவை. தேங்காயும் வனிலாவும் தனியாகச் சேர்த்ததா? லேபிளில் அப்படி எதுவும் இல்லை. அந்தப் புளிப்பு இருக்க வேண்டியதா, பீர் கெட்டதன் அடையாளமா? எல்லாவற்றையும்விட முக்கியமானது: இத்தனை சுவையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வருகிறது. இதில் பீரின் பங்கு எது, விஸ்கியின் பங்கு எது, மரத்தின் பங்கு எது என்று நாக்கால் பிரித்தறிய வழி உண்டா? இதே பீரில் இன்னொரு புட்டி கையில் இருக்கிறது. அதைத் திறப்பதற்குள் கற்றுக்கொள்ள ஆசை.

கரும்பார்லி

தேங்காய், வனிலா இரண்டும் மரம் கொடுத்தவை, யாரும் சேர்க்கவில்லை. (சேர்க்கிற ஆலைகளும் உண்டு. அவை லேபிளில் பெருமையாகவே சொல்லிவிடும்.) நுரை சீக்கிரம் அடங்கியதைக் குறையாக நினைக்காதீர்கள். ஆல்கஹால் இந்த அளவுக்குப் போனால் நுரை நிற்பது கஷ்டம். தவிர, பீப்பாய்க்குள் மாதக்கணக்கில் கிடக்கும் பீரில் வாயு அநேகமாகப் போய்விடும். வெளியே எடுத்த பிறகுதான் திரும்ப ஏற்றுவார்கள், அதையும் குறைவாகவே ஏற்றுவார்கள்.

ஒரு கொசுறுச் செய்தி. ஸ்காட்லாந்தில் இன்னிஸ் அண்ட் கன் என்ற பீர் நிறுவனம் பிறந்ததே தலைகீழான ஒரு வேலையில்தான். வில்லியம் கிராண்ட் என்ற விஸ்கி நிறுவனத்துக்குத் தங்கள் விஸ்கியில் பீர் மணம் ஏற வேண்டியிருந்தது. அதற்காகப் பீப்பாய்களில் முதலில் பீரை ஊற்றி ஊறவைத்தார்கள். ஊறி முடிந்த பீருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அதைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு அதன் சுவை பிடித்துப்போக, 2003-ல் அதையே தனிப் பீராக விற்க ஆரம்பித்தார்கள். பீப்பாய் தன்னிடம் இருப்பதை அடுத்து வருகிறவனுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

பிரித்தறியும் கேள்விக்கு ஓக்வாசம் அண்ணன் வந்து சொல்வார். அவர் சொந்தமாக பீர் காய்ச்சி, சின்னப் பீப்பாயில் ஊறவைத்துப் பார்க்கிறவர்.

ஓக்வாசம்

வந்துவிட்டேன். நுரைத்தடம், உங்கள் குறிப்பு நன்றாக இருக்கிறது. மணத்துக்குப் பெயர் வைத்ததோடு நிற்காமல், எது எப்போது வந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிரித்தறிவதற்கு அந்த வரிசைதான் பிடிமானம்.

பீப்பாயில் பீரை மாற்றுகிறவை மூன்று: மரத்துக்குள் ஊறிக் கிடக்கும் விஸ்கி, மரமே, பிறகு காற்று. நீங்கள் காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் ஒரு பீப்பாய் பீர் தேறுவதும் தோற்பதும் காற்றால்தான்.

விஸ்கியிலிருந்து ஆரம்பிக்கிறேன். பர்பன் என்பது மக்காச்சோளம் முதன்மையான அமெரிக்க விஸ்கி. அமெரிக்கச் சட்டப்படி அதைப் புதிய, உட்புறம் கரியாகச் சுட்ட ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். அதனால் ஒரு தடவை பர்பன் வைத்த பீப்பாய் அடுத்த பர்பனுக்கு உதவாது. ஸ்காட்லாந்து, ரம் ஆலைகள், பீர் ஆலைகள் என்று அது வெளியே கிளம்பிவிடும். ஏறக்குறைய 200 லிட்டர் கொள்ளும் பீப்பாய் அது. காலி என்று பேர்தானே தவிர, பலகைகளுக்குள் சில லிட்டர் விஸ்கி இன்னும் ஊறிக்கிடக்கும். பீரை ஊற்றியதும் அது பீருக்குள் இறங்குகிறது. ஆல்கஹால் ஓரிரு சதவீதம் ஏறுவது இதனால்தான். இந்தப் பங்கை வாயின் பின்பக்கம் தேடுங்கள். விழுங்கிய பிறகு நெஞ்சுக்குள் இறங்கும் சூடு, மூக்கின் உச்சியைத் தொடும் காரமான ஆவி, பர்பனாக இருந்தால் அதோடு ஒரு தானிய இனிப்பு. குளிரில் மணமெல்லாம் அடங்கிவிடும், சூடு மட்டும் அடங்காது. முதல் வாயில் கசப்பும் சூடும் மட்டும் உங்களுக்குத் தெரிந்தது அதனால்தான்.

அடுத்து மரம். வனிலா, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் வெப்பத்தில் உடைவதால் வருவது. வனிலாக் காயில் இருக்கும் அதே வனிலின்தான் இதுவும். தேங்காய் மணம் ஓக் லாக்டோன் என்ற பொருளால் வருகிறது. அமெரிக்க வெள்ளை ஓக்கில் அது ஐரோப்பிய ஓக்கைவிட அதிகம். ஆகவே தேங்காய் அவ்வளவு பட்டவர்த்தனமாக வந்தது என்றால், உங்கள் பீர் கிடந்தது பெரும்பாலும் அமெரிக்க ஓக், அநேகமாகப் பர்பன் பீப்பாய். லேபிளை எடுத்துச் சரிபாருங்கள். பலகையைச் சுடும்போது மரத்துக்குள் இருக்கும் சர்க்கரைப் பொருள்கள் கருகிக் காரமெல் வாசம் தரும். கிராம்பு மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தால் அது யூஜெனால், அதுவும் ஓக்கில் இருப்பதே. இவையெல்லாம் மூக்குக்கு. வாயில் மரம் வேறு விதமாகத் தன்னைக் காட்டும். ஈறு இறுகியது என்றீர்களே, அது டானின், மரத்திலிருந்து இறங்கும் துவர்ப்புப் பொருள். கசப்பையும் இந்த இறுக்கத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வறுத்த பார்லியின் கசப்பு நாக்கின் மேல் உட்காரும். டானின் ஈறையும் கன்னத்தின் உள்பக்கத்தையும் உலரவைக்கும். ஒரு வாய் குடித்ததும் நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லி) கனம் தெரிகிறது. சொரசொரவென்று பிடித்தால் மரம்.

இனி காற்று. பீப்பாய் ஈரத்தை அடைக்குமே தவிர காற்றை முழுவதும் அடைக்காது. பலகை வழியாகவும் இணைப்புகள் வழியாகவும் ஆக்ஸிஜன் துளித்துளியாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நல்ல கருப்பு பீர் அந்தக் கொஞ்சக் காற்றைத் தாங்கும். தாங்குவதோடு அதை உலர்திராட்சை, பேரீச்சை, ஷெர்ரி (ஸ்பெயின் நாட்டு ஒயின்) வாசமாக மாற்றியும் கொள்ளும். நீங்கள் எழுதிய உலர்திராட்சையில் ஒரு பகுதி மால்ட்டுடையது, மீதி காற்றின் வேலை. அளவு மீறினால் வருவது நனைந்த அட்டைப்பெட்டி வாசம், இன்னும் போனால் சோயா சாஸ். நனைந்த பலகை என்று நீங்கள் எழுதிய இடத்தில் எனக்கு ஒரு சின்ன ஐயம். பலகை என்றால் பரவாயில்லை, அது ஓக். அட்டை என்று பட்டால் பீர் சோர்ந்துவிட்டது. அடுத்த புட்டியில் இந்த ஒன்றை மட்டும் கவனமாக மோந்து பாருங்கள்.

இத்தனைக்கும் அடியில் பீர் இருக்க வேண்டும். காப்பி, கசப்புச் சாக்லேட், வாயை நிறைக்கும் கனம், எல்லாம் அடங்கிய பிறகும் நாக்கில் தங்கும் வறுத்த பார்லி. என் தீர்ப்பு எப்போதும் இந்த இடத்தில்தான். மூன்றாவது வாய்க்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு "இது ஸ்டவுட்தானா?" என்று கேட்பேன். ஆமாம் என்று நாக்கு சொன்னால் அந்த ஆலை ஜெயித்தது. வனிலாவும் சூடும் மட்டும் மிஞ்சினால், லேபிளில் எத்தனை பெரிய விஸ்கியின் பேர் இருந்தாலும் அது எனக்குப் பொருட்டில்லை.

புளிப்பு பற்றி. கருக வறுத்த மால்ட்டுக்கே ஒரு புளிப்பு உண்டு. கடுங்காப்பியில் வருமே, அதே ஜாதி. கசப்போடு சேர்ந்து வந்து கசப்போடு சேர்ந்தே போய்விடும். கெட்ட புளிப்பு அப்படி இல்லை, கசப்பு போன பிறகும் தனியாக நின்று எச்சில் ஊறவைக்கும். மரத்தின் துளைகளை முழுக்கச் சுத்தம் செய்ய யாராலும் முடியாது. விஸ்கியின் ஆல்கஹால் பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். எல்லாவற்றையும் அல்ல. சிகாகோவின் கூஸ் ஐலண்ட் பர்பன் பீப்பாய் ஸ்டவுட்டை உலகறியச் செய்த ஆலை. அவர்களுக்கே 2015 புட்டிகளில் லாக்டோபாசிலஸ் அசிட்டோடாலரன்ஸ் என்ற பாக்டீரியா புகுந்து, 2016-ல் சில வகைகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. அதன் பிறகு பீரைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் பாஸ்ச்சரைஸ் முறையைத் தொடங்கினார்கள். அவ்வளவு ஆல்கஹாலிலும் அந்தப் பாக்டீரியா பிழைத்துக் கிடந்திருக்கிறது என்றால் பாருங்கள். வினிகர் வாசமோ நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தின் வாசமோ வந்தால் அது வேறு கதை, காற்றோடு அசிட்டிக் பாக்டீரியாவும் உள்ளே போயிருக்கிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது வறுத்த மால்ட்டின் புளிப்பு என்றுதான் படுகிறது. வந்து போனது என்றுதானே எழுதினீர்கள்!

தூயமால்ட்

ஓக்வாசம் சொன்ன விவரங்களில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் எதிர்ப்பக்கத்தையும் யாராவது பேச வேண்டும். இரும்பு, அலுமினிய டிரம்கள் வருவதற்கு முன்பு ஐரோப்பாவில் பீர் பெரும்பாலும் மரப்பீப்பாயில்தான் இருந்தது. அந்தக் காலத்து ஆலைக்காரர்கள் மரவாசம் பீரில் ஏறக்கூடாது என்று பாடுபட்டார்கள். இங்கிலாந்து ஆலைகள் பால்டிக் கரையின் மெமல் துறைமுகத்திலிருந்து வந்த ஓக்கைத் தேடி வாங்கியதற்குக் காரணமே அது பீருக்கு வாசம் ஏற்றாது என்பதுதான். அமெரிக்க ஓக்கின் வாசம் தூக்கலாக இருக்கிறது என்று ஒதுக்கினார்கள். இன்றைக்கு அதே வாசத்துக்காகப் பீப்பாய் தேடி ஓடுகிறோம்.

நான் குடித்த பீப்பாய் பீர்களில் பாதிக்கு மேல் ஒரே சுவை. வனிலா, காரமெல், சூடு. எந்த ஆலை காய்ச்சியது என்று நாக்கை வைத்துச் சொல்ல முடியாது. நன்றாகக் காய்ச்சிய ஸ்டவுட்டுக்குத் தனி முகம் இருக்கும். அதன் மேல் எதற்கு முகமூடி? ஒரு ஆலையின் பீப்பாய் பீரைக் குடிப்பதற்கு முன்னால் அதன் சாதாரண ஸ்டவுட்டைக் குடியுங்கள் என்றுதான் புதியவர்களுக்குச் சொல்வேன்.

ஓக்வாசம்

தூயமால்ட், கடைசி வரியை அப்படியே ஏற்கிறேன். நுரைத்தடம் கேட்ட கேள்விக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. முகமூடி என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். எல்லாம் ஒரே சுவையாக இருப்பதற்குக் காரணம், பர்பன் பீப்பாயில் மரம் இன்னும் தெம்போடு இருப்பது. ஒரே ஒரு தடவைதானே அது வேலை பார்த்திருக்கிறது! ஸ்காட்ச் பீப்பாய் அப்படி இல்லை. பெரும்பாலும் அது பர்பனையோ ஷெர்ரியையோ முன்பே சுமந்தது, பிறகு வருஷக்கணக்கில் ஸ்காட்ச்சைச் சுமந்தது. வனிலாவை எல்லாம் முன்னால் வந்தவர்கள் உறிஞ்சிக்கொண்டு போயிருப்பார்கள். மிஞ்சுவது அந்த விஸ்கியின் குணமும் ஒரு பழைய மரத்தின் அமைதியும். பீட் (சதுப்பு நிலத்தில் மக்கிய செடிகளாலான, எரிக்கக்கூடிய மண்) புகையில் உலர்த்திய மால்ட்டில் செய்த விஸ்கி என்றால் கரி, கடற்கரை ஈரம், மருந்து வாசம் எல்லாம் பீருக்குள் இறங்கும். வறுத்த பார்லியும் அந்தப் புகையும் சேர்ந்தால் எனக்கு மிகப் பிடித்த கூட்டணி. அதில் வனிலா தேடினால் ஏமாந்துதான் போவீர்கள்.

நீங்கள் சொன்ன பயிற்சிக்குக் கச்சிதமான ஆள் ஸ்காட்லாந்தின் ஹார்வீஸ்டவுன். அவர்களுடைய கருப்பு பீர் 'ஓல்ட் எஞ்சின் ஆயில்', 6 சதவீதம். அதையே இன்னும் கனமாகக் காய்ச்சி, ஆர்க்னி தீவுகளின் ஹைலேண்ட் பார்க் விஸ்கி இருந்த பீப்பாய்களில் ஊறவைத்தால் 'ஓலா டூ', 8 சதவீதம். இரண்டு பீரையும், ஹைலேண்ட் பார்க் விஸ்கியில் சில துளிகளையும் மூன்று கிளாஸில் வரிசையாக வையுங்கள். முதலில் சாதாரண பீரை மட்டும் மோந்து, குடித்து, மனசில் நிறுத்துங்கள். அடுத்து விஸ்கியை மோந்து பார்த்தால் போதும், குடிக்க வேண்டாம், குடித்தால் நாக்கு மரத்துவிடும். கடைசியாகப் பீப்பாய் பீர். முதல் கிளாஸில் கண்டது, இரண்டாவதில் கண்டது இரண்டையும் அதில் தேடிக் கழித்துக்கொண்டே வாருங்கள். இரண்டிலும் இல்லாமல் மூன்றாவதில் மட்டும் ஏதாவது நிற்கிறதா? அதுதான் மாதக்கணக்கில் காற்றும் நேரமும் செய்தது. இணை பாடும் இரண்டு குரல்களைத் தனித்தனியாகக் கேட்டுவிட்டுச் சேர்ந்து பாடும்போது கேட்பது போன்ற வேலை இது. ஒருமுறை பழகிவிட்டால் பிறகு ஒற்றைக் கிளாஸிலேயே காது இரண்டையும் பிடித்துவிடும்.

அதே ஹார்வீஸ்டவுன் ஆலையின் பீர் கிடைக்காவிட்டாலும் வழி உண்டு. கையில் இருக்கும் பீப்பாய் பீரோடு, பீப்பாய் படாத ஏதாவது ஒரு நல்ல இம்பீரியல் ஸ்டவுட்டை வைத்தாலும் முக்கால்வாசி வேலை நடந்துவிடும்.

நுரைத்தடம்

எல்லோருக்கும் நன்றி. லேபிளைப் பார்த்தேன், பர்பன் பீப்பாய்தான்! தேங்காயை வைத்தே அண்ணன் சொல்லிவிட்டார்.

ஓலா டூ படங்களைப் பார்த்தபோது லேபிளில் 12, 16, 18 என்றெல்லாம் எண் தெரிந்தது. பன்னிரண்டு வருஷம் ஊறிய பீரா அது? இன்னொன்று, இரண்டாவது புட்டியை எத்தனை டிகிரியில், எப்படிப்பட்ட கிளாஸில் குடிக்க? வருஷக்கணக்கில் எடுத்து வைத்தால் இன்னும் நன்றாக வருமா?

கரும்பார்லி

எண் விஸ்கியின் வயசு, பீரின் வயசு இல்லை. அந்தப் பீப்பாயில் முன்னால் இருந்த ஹைலேண்ட் பார்க் பன்னிரண்டு வருஷ விஸ்கி என்று அர்த்தம். பீர் ஒரு பீப்பாயில் இருப்பது பொதுவாகச் சில மாதங்கள், மிஞ்சினால் ஒரு வருஷம் சொச்சம். பன்னிரண்டு வருஷம் கிடந்தால் பீர் எங்கே மிஞ்சும்!

கிளாஸ் என்றால் அடி அகன்று வாய் குறுகியது எதுவானாலும் சரி. பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். புட்டியின் அடியில் ஈஸ்ட் படிந்திருந்தால் கடைசி விரற்கடையை அதிலேயே விட்டுவிடுங்கள். 11 சதவீதத்துக்கு மேல் போகிற பீர், பெரிய புட்டி என்றால் மூன்று நான்கு பேராகப் பகிர்ந்துகொள்வதுதான் நல்லது. நான்கு மூக்கு சேர்ந்தால் கண்டுபிடிப்பதும் அதிகம்.

ஓக்வாசம்

வெப்பநிலை 12 டிகிரி செல்சியஸை ஒட்டி ஆரம்பியுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, திறக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்தால் ஏறக்குறைய அங்கே வந்துவிடும். வெக்கையான அறை என்றால் இன்னும் சீக்கிரம். 16, 17-ஐத் தாண்டினால் ஆல்கஹால் முன்னால் வந்து மற்றதை எல்லாம் மறைத்துவிடும். முதல் வாயை வைத்து முடிவு கட்டாதீர்கள், அது நாக்கைப் பழக்கத்தான். இரண்டாவது, மூன்றாவது வாயில்தான் பீர் பேசும். கிளாஸை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மோந்து ஒரு வரி எழுதுங்கள். பீர் சூடேற ஏற எந்த மணம் எந்தப் படியில் எழுகிறது என்பது உங்கள் கையெழுத்திலேயே வந்துவிடும்.

எடுத்து வைப்பது பற்றி என் கருத்து பலரோடு ஒத்துப்போகாது. பீப்பாய் பீர் ஏற்கெனவே வயசான பிறகுதான் புட்டிக்கு வருகிறது. காற்று செய்ய வேண்டிய வேலையைப் பீப்பாய்க்குள்ளேயே முடித்துவிட்டது. நல்ல ஆலை, அந்தப் பீர் உச்சத்தில் இருக்கும்போது பார்த்துத்தான் வெளியே எடுக்கும். புட்டிக்குள் மேலும் சில வருஷம் போனால் சூடு தணியும், ஓரங்கள் மழுங்கும், ஷெர்ரி வாசம் கூடும். அது உண்மை. அதற்கு விலையாகக் காப்பி வாசம் முதலில் போகும், வறுத்த பார்லியின் கூர்மை அடுத்துப் போகும். என் கணக்கில் இவை இரண்டும்தான் அந்தப் பீரின் உயிர். காப்பி சேர்த்துக் காய்ச்சிய பீர் என்றால் வைக்கவே வைக்காதீர்கள்.

இரண்டு புட்டிக்கு மேல் இருந்தால் ஒன்றை வைத்துப் பார்ப்பது நல்ல பரீட்சை. உங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று. முதல் புட்டியின் சுவை நாக்கில் பச்சையாக இருக்கும்போதே திறந்துவிடுங்கள். பீப்பாய் படாத ஸ்டவுட் ஒன்றைப் பக்கத்தில் வைக்க மறக்க வேண்டாம். அதுவரை குளிர்ந்த, இருட்டான இடத்தில் புட்டியை நிமிர்த்தி வையுங்கள், படுக்கப் போட வேண்டாம். குடித்துவிட்டு அந்தப் பலகையா அட்டையா விஷயத்தை இங்கே எழுதுங்கள், எனக்கு அது தெரிய வேண்டும்.